தலையெழுத்தா, தலைக்குமேல் கூரையா?

இரண்டு குழந்தைகளுக்குத்தான் படி. மூன்றாவது பிறந்தால் அதற்குக் கிடையாது! பிரிட்டனிலே 2017 ஏப்ரல் 6-ஆம் தேதிக்குப் பிறகு பிறந்த ஏழைக் குழந்தைகளைப் பார்த்து அந்நாட்டு ஆளவந்தார் சொன்ன சொல் இது. மூத்தவனுக்கு உண்டு, அடுத்தவளுக்கு உண்டு, கடைக்குட்டி மட்டும் கணக்கிலே வராது. அந்தச் சட்டம் எட்டரை ஆண்டு கோலோச்சியது. 16 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் வீட்டு அடுப்பைத் தொட்டது. பிறகு 2025 நவம்பர் 26-ஆம் நாள் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பாராளுமன்றத்தில் எழுந்து, 2026 ஏப்ரல் முதல் அது இராது என்று அறிவித்தார். ஆளும் தொழிற்கட்சியின் வரிசைகளிலே ஒரே ஆரவாரம்!

ஆரவாரம் செய்தவர்களிலே பலர், பதினாறு மாதங்களுக்கு முன்பு, 2024 ஜூலையில், அதே சட்டத்தைக் காப்பாற்ற வாக்களித்தவர்கள். அன்று 'நீக்கு' என்று வாக்களித்த தொழிற்கட்சி உறுப்பினர் ஏழு பேர். அந்த ஏழு பேரையும் ஆறு மாதத்துக்குப் பாராளுமன்றக் கட்சியிலிருந்து விலக்கி வைத்தது தலைமை. ஏழை வீட்டுக் குழந்தைக்குச் சோறு கேட்டது கட்டுப்பாட்டை மீறிய குற்றம்! பதினாறு மாதம் கழித்து அதே சோற்றைப் போட்டது கட்சியின் சாதனை! அரசியலில் இப்படி நடப்பது புதிதல்ல. கட்சிக்கு உழைக்கும் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் பேச வந்தது வேறொன்று. அந்த ஏழு பேர் 2024-ல் சொன்னது, வடக்கு இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரிலே, சில டாக்டர்கள் வீடு வீடாகப் போய்க் கண்டறிந்து, எழுதி, அச்சிட்டு, எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட சங்கதி. கையிலே கணக்கு இருந்தது. இருந்தும் ஏன் அப்படியொரு சட்டம் பிறந்தது? இதைத்தான் ஆராய வேண்டும்.

நியூகாசில் என்றால் நிலக்கரி. டைன் ஆற்றங்கரை என்றால் கப்பல் பட்டறை. உலகக் கடல்களில் ஓடிய கப்பல்களை எத்தனையோ கைகள் அங்கே தட்டிக் கொட்டி மிதக்கவிட்டன. 1930-களின் மந்தம் வந்தது; பட்டறைக் கதவுகள் மூடின. ஆற்றின் அக்கரையில் சற்றுத் தள்ளியிருக்கும் ஜாரோ என்ற ஊர், ஒரே ஒரு கப்பல் பட்டறையை நம்பி வாழ்ந்த ஊர். பட்டறை போயிற்று, ஊரே போயிற்று. 1936 அக்டோபரில் அவ்வூர்த் தொழிலாளர் ஏறத்தாழ 200 பேர், வேலை கேட்டு லண்டன் வரை நடந்தே போனார்கள். தொகுதி உறுப்பினர் எல்லன் வில்கின்சன் அம்மையாரும் அவர்களோடு நடந்தார். போய்ச் சேர்ந்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. ஊர் திரும்ப ரயில் ஏற்றி அனுப்பினார்கள்!

அந்தக் காலத்திலே லண்டன் சுகாதார இலாகாவின் அறிக்கைகள் என்ன பாடின? வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது, உண்மை. ஆனால் அதனால் மக்கள் உடல்நலம் கெட்டுவிடவில்லை என்று பாடின. அடுப்பு எரியாத வீட்டிலே பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும் என்கிற விந்தையை மேசைக்கு முன் உட்கார்ந்தே கண்டுபிடித்தார்கள்.

நியூகாசில் நகரசபைக்கு இதிலே ஐயம் பிறந்தது. 1933-ல், அவ்வூர் ஆஸ்பத்திரியிலே குழந்தை மருத்துவத்தில் பெயர் பெற்ற டாக்டர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்பவரிடம், 'எங்கள் ஊர்க் குழந்தைகளைப் பார்த்து உண்மையைச் சொல்லுங்கள்' என்று கேட்டது. இந்த ஸ்பென்ஸ் சற்று வித்தியாசமான மனிதர். நோயுற்ற கைக்குழந்தையைப் பெற்றவளிடமிருந்து பிரித்து வார்டில் படுக்க வைத்து, குறித்த வேளையில் மட்டும் எட்டிப் பார்க்கவிடுவதே ஆஸ்பத்திரிகளின் வழக்கமாக இருந்த காலத்தில், தாயையும் உடன் தங்கச் செய்து, அவள் கையாலேயே பணிவிடை நடக்கவிட்டவர். தாய் இருந்தால் நோய் சீக்கிரம் போகும் என்று அறிந்தவர். நம் பாட்டிமார் படிக்காமலே அறிந்தது. பட்டம் பெற்றவர்கள் ஒப்புக்கொள்ள இன்னும் பல ஆண்டு ஆயிற்று.

ஸ்பென்ஸ் என்ன செய்தார்? ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், ஏழைப் பகுதிகளிலிருந்து 125 பேரையும், வக்கீல், வாத்தியார், டாக்டர் போன்றார் வீடுகளிலிருந்து 124 பேரையும் எடுத்தார். எடை பார்த்தார், உயரம் பார்த்தார், இரத்தம் பார்த்தார். இரண்டு கூட்டத்தையும் அக்கம்பக்கமாக நிறுத்தினார். 1934-ல் அறிக்கை வந்தது: ஏழைப் பகுதிக் குழந்தைகளில் நூற்றுக்கு 36 பேராவது நலம் குன்றியவர்கள், உடல் தேறாதவர்கள். காரணம் என்ன? பரம்பரையா, பாவமா? இல்லை. தடுக்கக்கூடிய காரணங்கள்: சரியில்லாத சாப்பாடு, சரியில்லாத வீடு, அவற்றின் வழியே வந்து தொற்றும் நோய்.

ஒரு நாடு முழுதும் இல்லை என்று சாதித்ததை 249 குழந்தைகளின் கணக்கு உண்டு என்று காட்டியது.

ஆனாலும் ஸ்பென்ஸுக்கு அது போதவில்லை. ஏன் போதவில்லை என்பது இந்தக் கதையிலேயே முக்கியமான இடம். ஆஸ்பத்திரி டாக்டர் பார்ப்பது ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தையை. வராத குழந்தையை யார் பார்ப்பது? இருமல் கண்ட குழந்தையை அடுப்பங்கரையிலே போர்த்திப் படுக்க வைத்து, 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று காத்திருக்கும் தாயை யார் கேட்பது? அந்நாட்டிலே 1911-ல் வந்த காப்புறுதிச் சட்டம், சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு டாக்டரைத் தந்தது. அவன் மனைவிக்குத் தரவில்லை, மக்களுக்குத் தரவில்லை. குழந்தைக்கு டாக்டர் வேண்டுமென்றால் காசு வேண்டும். ஆகவே மருத்துவப் புத்தகத்திலே இருக்கும் நோய் வேறு, வீட்டிலே இருக்கும் நோய் வேறு. ஸ்பென்ஸும் மில்லர் என்ற டாக்டரும் 1939-ல் நகரில் இறந்த கைக்குழந்தைகளின் சாவுக்குக் காரணம் தேடிப் பார்த்தார்கள். தொற்றுநோய்தான் பெரிய எமன், அதிலும் மார்பைப் பிடிக்கும் நோய். இறந்த குழந்தையைக் கண்டறிந்தாயிற்று. உயிரோடு இருக்கும் குழந்தை எப்படி நோயில் விழுகிறது, எப்படி எழுகிறது? அதைப் பார்க்க ஒரே வழி, பிறந்த நாள் முதல் கூடவே போவது.

போனார்கள்! 1947 மே, ஜூன் என்ற இரண்டு மாதத்திலே நியூகாசில் நகரவாசிகளுக்குப் பிறந்த குழந்தைகள் 1,142. பொறுக்கி எடுக்கவில்லை, தோழர்களே. பணக்காரர் வீடு, பஞ்சை வீடு என்று பிரிக்கவில்லை. அத்தனை பேரும் சேர்த்தி. அந்தக் குழந்தைகளின் மருத்துவச் சீட்டுகளிலே அடையாளமாகச் சிவப்புப் புள்ளி இட்டார்கள். சிவப்புப் புள்ளிக் குழந்தைகள் என்றே ஊரிலே பெயர் நின்றுவிட்டது. 'ஆயிரம் குடும்பங்கள்' ஆராய்ச்சி என்பது ஏட்டிலே பெயர்.

இதிலே வேலை செய்தவர்கள் யார் என்று பாருங்கள். பல்கலைக்கழகப் பேராசிரியரான ஸ்பென்ஸ். ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டர்களான மில்லரும் டொனால்ட் கோர்ட்டும் (கோர்ட் என்பது அவர் பெயர்; கச்சேரியல்ல!). நகரசபையின் சுகாதார அதிகாரி வால்ட்டன். ஊரிலே தொழில் செய்த குடும்ப டாக்டர்கள். இவர்கள் எல்லாருக்கும் மேலாக, ஹெல்த் விசிட்டர் அம்மாமார். ஆஸ்பத்திரி ஒரு சீமை, நகரசபை ஒரு சீமை, குடும்ப டாக்டர் ஒரு சீமை என்று மூன்று பாளையமாகப் பிரிந்து கிடந்த தொழிலிலே, ஒரே சீட்டில் மூவரும் எழுதினார்கள். பெரிய டாக்டரின் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்போ, படியேறிப் போய்க் கதவைத் தட்டி, 'நேற்று இரவு இருமினானா? எத்தனை பேர் ஒரே அறையில் படுக்கிறீர்கள்?' என்று கேட்டு வந்த அம்மையாரின் குறிப்புக்கும் அவ்வளவு மதிப்பு. புத்தகத்தின் மேலே பெயர் போட்டுக்கொள்ளாத அந்தப் பெண்கள் நடந்த நடை இல்லாவிட்டால் புத்தகமே இல்லை.

ஸ்பென்ஸ் மறைந்த 1954-ஆம் ஆண்டிலேயே முதல் நூல் வெளிவந்தது. அடுத்தது 1960-ல், குழந்தைகள் ஐந்து வயது வரை வளர்ந்த கதை. அப்போது கணக்கிலே எஞ்சியிருந்தவர்கள் 847 பேர். 1974-ல் பள்ளிப் பருவத்தின் கதை. இடையிலே, 1948 ஜூலை 5-ல், சுரங்கத் தொழிலாளியாக இருந்து அமைச்சரான அனூரின் பெவன் தேசிய மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார். சிவப்புப் புள்ளிக் குழந்தைகளின் முதல் பிறந்தநாள் கழிந்த வேளையிலே, டாக்டரைப் பார்க்கக் காசு வேண்டாம் என்றாயிற்று!

நூல்கள் சொன்னது என்ன? நோய்களிலே மிகப் பெரும்பாலானவை தொற்றுநோய். அவற்றிலே முதலிடம் மூச்சு உறுப்புகளின் நோய். நெருக்கமான வீட்டிலே, ஒரு படுக்கையில் நாலு பேர் படுக்கும் வீட்டிலே, கடுமையான நோய் அதிகம். நோயில் பெரும்பங்கு ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் வீட்டிலேயே வந்து வீட்டிலேயே போகிறது. அதைத் தாங்கி நிற்பவள் தாய். பிற்காலத்தில் கணக்கைத் திரும்ப அலசியவர்கள், ஐந்து வயதில் பின்தொடர்ந்த குடும்பங்களில் நூற்றுக்கு 43 வீட்டிலே ஏதாவது ஒரு குறை இருந்ததாகப் பிரித்தார்கள்: இட நெருக்கடியோ, பெற்றோர் நோயோ, பெற்றோர் பிரிவோ, பிறர் உதவியை நம்பும் வறுமையோ, பராமரிப்புக் குறையோ. நூற்றுக்கு 14 வீட்டிலே இந்தக் குறைகள் மூன்றோ அதற்கு மேலோ ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

இங்கேதான் ஒரு வழுக்குப் பாறை. பராமரிப்புக் குறையும் பட்டியலிலே இருக்கிறதல்லவா? அதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு வந்தார் ஒரு கனவான். 1972 ஜூனில், பழமைக் கட்சியின் சமூகநல அமைச்சர் சர் கீத் ஜோசப், 'வறுமைச் சுழல்' என்று ஒரு தத்துவத்தை முழங்கினார். ஏழைப் பெற்றோர் வளர்க்கும் முறையே சரியில்லை. அவர்கள் பிள்ளைகளும் அதே முறையில் தங்கள் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். ஆகவே நாட்டிலே செல்வம் பெருகியும் வறுமை தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டே வருகிறது என்பது அதன் சாரம். இரண்டே ஆண்டு, 1974 அக்டோபரில் பர்மிங்ஹாமில் பேசும்போது இன்னொரு படி ஏறினார்: ஏழை வகுப்பு இளம் தாய்மார் அதிகமாகப் பெற்றுப் போடுவதால் நாட்டின் மனித இனத் தரத்துக்கே ஆபத்து என்றார். சொன்ன சொல் அவர் கட்சித் தலைமைக் கனவையே கவிழ்த்தது. அந்த இடத்திலே போட்டிக்கு வந்தவர்தான் மார்கரெட் தாட்சர்.

நமக்கு இது புதிய பாட்டா? 'முன்வினை' என்பார்கள், 'தலையெழுத்து' என்பார்கள், 'அவன் பிறப்பு அப்படி' என்பார்கள். பிரமன் எழுதினான் என்று நம் ஊரிலே சொன்னதை, வளர்ப்பு எழுதுகிறது என்று அங்கே கோட்டும் சூட்டும் போட்டுச் சொன்னார்கள். இரண்டுக்கும் பயன் ஒன்றே: ஏழையின் வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டிய கண், ஏழையின் நெற்றியைப் பார்க்கத் தொடங்கிவிடும்!

நெற்றியிலே எழுத்து இருக்கிறதா என்று பார்க்க, கைவசம் ஆட்கள் இருந்தார்கள்: நியூகாசிலின் சிவப்புப் புள்ளிக் குழந்தைகள். அவர்கள் வளர்ந்து, மணந்து, பெற்றோராகவும் ஆகிவிட்டார்கள். மனநல மருத்துவர் இஸ்ரேல் கோல்வின் குழுவினர் அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்து 1990-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி: இல்லாமை தொடர்கிறதா? விடை ஒரே சொல்லில் இல்லை. குறை மலிந்த வீட்டிலே வளர்ந்தவனுக்கு இடர் அதிகம், படிப்பிலே பின்னடைவு அதிகம், போலீசுக் கணக்கில் பெயர் ஏறுவதும் அதிகம், இதை மறைக்கவில்லை. ஆனால் அந்த வீடுகளிலிருந்து மீண்டு வந்தவர்களும் கணிசம். குறையில்லாத வீட்டிலே பிறந்து பிற்பாடு வறுமையில் விழுந்தவர்களும் உண்டு. சுழல் என்றால் உள்ளே விழுந்தவன் வெளியே வரக்கூடாதே! வருகிறானே! நல்ல பள்ளிக்கூடம், அக்கறையுள்ள ஒரு மனிதர், வேலை, வீடு என்று ஏதோ ஒரு கை கிடைத்தால் வருகிறான்.

ஐம்பது வயதிலே மறுபடி கூப்பிட்டுச் சோதித்தார்கள். கழுத்து இரத்தக் குழாயின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளந்து 2000-ல் வெளியிட்டார்கள். மாரடைப்பு வரும் வழியை அது காட்டும். பிறந்தபோது இருந்த எடையையும் வீட்டையும்விட, வளர்ந்த பிறகு வாழ்ந்த வாழ்வே, புகை போன்ற பழக்கங்களே, அதிலே பெரும்பங்கு வகித்தன என்று கண்டார்கள். இதைக் கேட்டதும் 'பார்த்தாயா, குற்றம் அவனவன் மேல்தான்' என்று குதிக்க ஒரு கூட்டம் தயாராக இருக்கும். நான் அதை அப்படிப் படிக்கவில்லை. பிறந்த அன்றே எழுதி முடிக்கப்பட்டுவிடவில்லை என்றுதான் படிக்கிறேன். எழுதி முடியாத ஏட்டிலே நகரசபை எழுதலாம், பள்ளிக்கூடம் எழுதலாம், தொழிற்சங்கம் எழுதலாம், சர்க்காரும் எழுதலாம். நல்லதும் எழுதலாம், கெட்டதும் எழுதலாம்.

2017-ல் எழுதியது கெட்டது. 1974-ல் பர்மிங்ஹாமில் வாயால் சொல்லிக் கட்சித் தலைமையை ஒருவர் இழந்தார். நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து அதே மனப்பான்மை சட்டமாகவே வந்தது, ஒருவர் பதவியும் போகவில்லை. ஏழைக்கு மூன்றாவது குழந்தை ஆடம்பரம் என்றார்கள். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 பவுன் நின்றது. சோம்பேறிகளுக்குப் பாடம் என்றார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களிலே பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒருவராவது வேலைக்குப் போகிறவர்! பிறப்பு குறையும் என்றார்கள்; ஆராய்ந்தவர்கள் பார்த்தபோது மிகச் சொற்பமே குறைந்திருந்தது. இதிலே ஒரு விலக்கு வைத்தார்கள் பாருங்கள், அதை எழுதவே கை கூசுகிறது: பலாத்காரத்தால் கருவுற்ற குழந்தை என்றால் படி உண்டு, ஆனால் அந்தத் தாய் அதைச் சர்க்காருக்குத் தெரிவித்து, மூன்றாமவர் ஒருவர் உறுதி கூறும் படிவமும் கொடுக்க வேண்டும். மானத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் பால் காசு!

கணக்கு இல்லாமல் இது நடக்கவில்லை, கணக்கு இருந்தும் நடந்தது. அதற்கும் அந்நாட்டிலே ஒரு முறை இருக்கிறது. கோர்ட் தலைமையில் 1976-ல் குழந்தை மருத்துவ அமைப்பைச் சீர்திருத்த ஒரு பெரிய அறிக்கை வந்தது. அதன் முக்கியமான யோசனைகள் அலமாரியிலே தங்கின. ஏழைக்கும் செல்வருக்கும் உள்ள சாவு வித்தியாசத்தை அளந்து சர் டக்ளஸ் பிளாக் குழு கொடுத்த அறிக்கையை, 1980 ஆகஸ்டில், விடுமுறை வார இறுதியை ஒட்டி, 260 படிகள் மட்டும் எடுத்து வெளியிட்டது தாட்சர் அமைச்சரவை. படிப்பவர் குறைவாக இருக்கட்டும் என்கிற அக்கறை! 1999 முதல் தொழிற்கட்சி ஆட்சி ஏழைப் பகுதிகளிலே 'ஷ்யூர் ஸ்டார்ட்' என்ற சிசு நல நிலையங்களைத் திறந்தது. அவை உச்சத்தில் இருந்தபோது, 11 முதல் 15 வயதுப் பிள்ளைகள் ஆண்டுக்கு 13,000 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் போகாமல் தப்பினார்கள் என்று லண்டன் நிதி ஆய்வு நிறுவனம் 2021-ல் கணக்குக் காட்டியது. காட்டியபோது அந்த நிலையங்களில் ஆயிரத்துக்கும் மேல் மூடியாகிவிட்டது. மூடியது 2010-க்குப் பின் வந்த சிக்கனம்.

டாக்டர்களும் சும்மா இருந்துவிடவில்லை. நியூகாசிலின் வழியிலே, கம்பளி ஆலைகளால் பெயர் பெற்ற பிராட்ஃபோர்டு நகரிலே, 2007 முதல் ஆஸ்பத்திரி டாக்டர் ஜான் ரைட் தலைமையில் 13,000-த்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கருவிலிருந்தே பின்தொடர்கிறார்கள். அங்கே பலன் கைமேல் தெரிகிறது. 2022 செப்டம்பரில், புகை கக்கும் லாரிகளுக்கும் வாடகை வண்டிகளுக்கும் நகரசபை கட்டணம் விதித்தது; அதன் பிறகு மூச்சு நோய்க்காக டாக்டரிடம் போகிறவர் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு அளவு குறைந்தது என்று அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். நுரையீரலைக் கெடுத்தது நெற்றி எழுத்தல்ல, லாரிப் புகை.

இந்நிலையில்தான் 2025 நவம்பர் அறிவிப்பு. சட்டம் நீங்குவதால் 2029-30 வாக்கில் 4,50,000 குழந்தைகள் வறுமைக் கோட்டைத் தாண்டுவார்கள் என்பது அந்தச் சர்க்காரின் சொந்த மதிப்பீடு. நல்லது, வரவேற்போம். ஆனால் 2023-24-ல் அந்நாட்டில் வறுமையில் இருந்த குழந்தைகள் 45 இலட்சம் என்பதையும் பக்கத்திலே எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2013 முதல் அங்கே வேறொரு பூட்டு இருக்கிறது: ஒரு குடும்பம் எத்தனை உருப்படியானாலும், எல்லா உதவித்தொகையும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கூடாது என்கிற உச்சவரம்பு. லண்டனுக்கு வெளியே அது ஆண்டுக்கு 22,020 பவுன் என்று 2023-ல் வைத்தார்கள். 2025 நவம்பரில் அந்தப் பூட்டை ரீவ்ஸ் திறக்கவில்லை. அந்த வரம்பைத் தொட்டு நிற்கும் வீட்டிலே மூன்றாவது குழந்தைக்குப் படி உண்டு என்று சட்டம் சொல்லும். காசு மட்டும் வீட்டுக்கு வராது. நியூகாசில் வழக்கப்படி யாராவது படியேறிப் போய்க் கதவைத் தட்டிக் கேட்டால்தான் அந்தக் குழந்தைகள் எத்தனை பேர் என்று தெரியும்.